வெள்ளைப்படுதல் என்ற ஒற்றைச் சொல்: கர்ப்பகாலத்தில் கர்ப்பப்பை வாய்த் தொற்றும் அதன் குறியீடும்

வட சென்னையில் உயிரியல், மருந்தியல், செவிலியம் போன்ற படிப்புகளை முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ‘கோடிங்’ என்று சொன்னால், அது பெரும்பாலும் கணினி நிரலைக் குறிப்பதில்லை. மெடிக்கல் கோடிங்கைத்தான் குறிக்கிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் மருத்துவர் எழுதிய குறிப்பை, அலுவலக வழக்கில் ‘சார்ட்’ எனப்படுவதை, வரிவரியாகப் படித்து, அதிலுள்ள நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைத் தேர்ந்து, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் கோரிக்கையில் பதிவதே அந்த வேலை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டபின், தண்டையார்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கிண்டிப் பக்கத்து அலுவலகங்களுக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. காலை வண்டியில் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்பவர்களில் சிலராவது இந்தத் தொழிலில் இருப்பார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

மகப்பேற்றுச் சார்ட்டுகளில் புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்களில் ஒன்று, கர்ப்பகாலத்தில் கர்ப்பப்பை வாயில் ஏற்படும் தொற்று. நோய் புதிதன்று, மருந்தும் பெரும்பாலும் ஒரே வேளையில் முடிந்துவிடும். ஆயினும் அதற்குரிய குறியீட்டைச் சரியாகப் போட வேண்டுமானால், தொற்று எந்த உறுப்பில் இருக்கிறது, எந்தக் கிருமியால் வந்தது, கர்ப்பத்தின் எத்தனையாவது வாரத்தில் கண்டறியப்பட்டது என்னும் மூன்றையும் மருத்துவர் தம் குறிப்பில் சொல்லியிருக்க வேண்டும். கோடரின் பிழை என்று ஆடிட்டில், அதாவது போட்ட குறியீடுகளை அலுவலகம் மறுபடி சரிபார்க்கும் தணிக்கையில், கணக்கு வைக்கப்படுபவற்றுள் பல, இம்மூன்றில் ஒன்று எழுதப்படாமல் போனதில் தொடங்கியவை என்பதே நான் கண்டது.

உறுப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும் என்றால், யோனியில் வரும் தொற்றும் கர்ப்பப்பை வாயில் வரும் தொற்றும் வெளியே ஒரேபோல் வெள்ளைப்படுதலாகத் தோன்றினாலும் உள்ளே வேறானவை. கேண்டிடா என்னும் பூஞ்சையும் பாக்டீரியல் வஜைனோசிஸும் யோனிக்குரியவை. கிளமிடியாவும் கொனோரியாவும் கர்ப்பப்பை வாயின் உட்பக்கத்திலுள்ள தூண் வடிவச் செல்களைப் பிடிப்பவை. கிளமிடியா பல பெண்களிடம் எந்த அறிகுறியையும் காட்டாது. கர்ப்பிணியிடம் இவ்விரண்டும் கவனிக்கப்படாமல் விடப்பட்டால், பனிக்குடம் முன்கூட்டியே உடைவதற்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் தொற்று ஏற்படலாம், கிளமிடியாவானால் அடுத்த சில வாரங்களில் நிமோனியாவும் வரலாம். யோனியை விரித்து உள்ளே பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்க்கும் மருத்துவர், கர்ப்பப்பை வாயிலிருந்து சீழ் கலந்த சளி வருவதையோ, பஞ்சுக்குச்சி பட்டவுடன் இரத்தம் கசிவதையோ கண்டால்தான் ‘சர்விசைட்டிஸ்’, அதாவது கர்ப்பப்பை வாய் அழற்சி, என்று எழுதுவார். ஆகவே அந்தச் சொல் குறிப்பில் இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் உள்ளே பார்த்திருக்கிறார் என்று பொருள்.

இனிக் குறியீட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் கர்ப்பம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய நாள்கள் ஆகியவற்றுக்கான பதினைந்தாம் அத்தியாயம் முழுவதும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. அது எழுத்து, சுழியம் அன்று; பயிற்சியின் முதல் வாரத்தில் சுழியத்தைத் தட்டிவிட்டு மென்பொருள் ஏன் ஏற்கவில்லை என்று விழிப்பவர்கள் ஒவ்வொரு அணியிலும் உண்டு, தமிழில் எழுதும்போது மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. அந்த அத்தியாயத்தில் ஓ23 என்பது சிறுநீர்ப் பாதையிலும் பிறப்புறுப்பிலும் கர்ப்பகாலத்தில் வரும் தொற்றுகளின் குடும்பம். ஓ23.0 சிறுநீரகம், ஓ23.1 சிறுநீர்ப்பை என்று போய், ஓ23.5 பிறப்புறுப்புத் தொற்றைக் குறிக்கிறது. உலகப் பட்டியல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா பயன்படுத்தும் விரிவாக்கப் பதிப்பு மேலும் இரண்டு இடங்கள் உள்ளே செல்கிறது. ஐந்தாவது இடத்திலுள்ள 1 கர்ப்பப்பை வாய், 2 கருக்குழாயும் சூலகமும், 9 பிறப்புறுப்பின் பிற பகுதிகள். ஆறாவது இடம் பருவத்தைச் சொல்கிறது. எனவே ஓ23.511 என்றால் முதல் மூன்று மாதப் பருவத்தில் கர்ப்பப்பை வாய்த் தொற்று; ஓ23.512 இரண்டாம் பருவம், ஓ23.513 மூன்றாம் பருவம். பருவம் தெரியாவிட்டால் ஓ23.519.

இதற்கு முந்தைய ஒன்பதாவது பட்டியலில் 646.6 என்ற ஒரே எண்ணுக்குள் சிறுநீர்ப்பையும் கர்ப்பப்பை வாயும் சேர்ந்தே கிடந்தன. கடைசி இலக்கம் பிரசவம் ஆயிற்றா இல்லையா என்பதைத்தான் கேட்டது. பழைய எண்ணில் பழகிய மருத்துவர்கள் பலர் இன்றும் ‘கர்ப்பத்தில் பிறப்புறுப்பு, சிறுநீர்ப்பாதைத் தொற்று’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போவது அந்தக் காலத்தின் மிச்சமாக இருக்கலாம்.

பருவக் கணக்கில் ஒரு நாள் பிசகினாலும் எண் மாறிவிடும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி, 14 வாரம் 0 நாளுக்கு முன்வரை முதல் பருவம். அன்று தொடங்கி 28 வாரம் 0 நாளுக்கு முன்வரை இரண்டாம் பருவம். அதற்குமேல் பிரசவம்வரை மூன்றாம் பருவம். ஆடிட்டில் எனக்கு விழுந்த முதல் பிழையே இதுதான்: சரியாக 14 வாரம் 0 நாளில் வந்த ஒரு பெண்ணை முதல் பருவத்தில் வைத்துவிட்டேன். 95 விழுக்காட்டுத் துல்லியம் எதிர்பார்க்கப்படும் தொழிலில் அந்த ஓர் இலக்கம் அன்றைய கணக்கைச் சாய்த்துவிட்டது. நம் வீட்டுக் கணக்கோ வேறு வகை. ‘நாலாம் மாதம் நடக்கிறது’ என்கிறோமே, அந்த நான்காம் மாதம் பிறந்து நான்கைந்து நாளே ஆன பெண் குறியீட்டின் கணக்கில் இன்னும் முதல் பருவத்தில்தான் இருக்கிறாள். அவளுக்கு ஒரு வாரம் மூத்த கர்ப்பிணி, அதே நான்காம் மாதத்தில் இருந்தும், இரண்டாம் பருவத்துக்குப் போய்விட்டாள். மாதக் கணக்கிலிருந்து பருவத்தை ஊகிக்காதீர்கள் என்று புதியவர்களுக்கு நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. வாரத்தைத் தனியே காட்டவும் இசட்3ஏ என்றொரு தொகுதி இருக்கிறது. 13 வாரம் முடிந்திருந்தால் இசட்3ஏ.13. முடிந்த வாரங்களை மட்டுமே அது எண்ணும்.

மிகுந்த குழப்பம் கிருமியில்தான். கர்ப்பப்பை வாய்த் தொற்று என்றதும் கை தானாக ஓ23.51-க்குப் போகும். ஆனால் அந்தக் குடும்பத்தின் தலைப்பிலேயே சில நோய்களுக்கு வேறு வீடு உண்டு என்று குறிப்பு இருக்கிறது. கொனோரியா என்றால் ஓ98.2, சிபிலிஸ் என்றால் ஓ98.1, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ், ஹெர்ப்பிஸ் போன்று பெரும்பாலும் பாலுறவால் பரவும் ஏனையவை ஓ98.3. அவற்றோடு, கிருமியையும் இடத்தையும் சொல்லும் முதல் அத்தியாயக் குறியீடு ஒன்றும் சேர வேண்டும்: கிளமிடியா சர்விசைட்டிஸுக்கு ஏ56.09, கொனோரியா சர்விசைட்டிஸுக்கு ஏ54.03, டிரைக்கோமோனாஸால் வந்ததற்கு ஏ59.09. இவற்றில் சேராத சாதாரண பாக்டீரியாவென்றால்தான் ஓ23.51-உடன் பி95 அல்லது பி96 தொகுதியிலிருந்து கிருமியின் பெயரைச் சேர்க்க வேண்டும்.

ஒரு கற்பனைச் சார்ட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் முறை கருவுற்ற ஒரு பெண் 13 வாரம் 5 நாளில் வெள்ளைப்படுதல் என்று வருகிறாள். மருத்துவர் ஸ்பெகுலம் வைத்துப் பார்த்து, கர்ப்பப்பை வாயில் சீழ்ச்சளி, தொட்டால் கசிவு என்று எழுதி, ‘சர்விசைட்டிஸ்’ என்று முடிவு குறித்து, கிளமிடியா, கொனோரியா பரிசோதனைக்கு மாதிரி அனுப்பி, முடிவுக்குக் காத்திராமல் அசித்ரோமைசின் 1 கிராம் கொடுத்து அனுப்புகிறார். அன்றைய குறியீடு ஓ23.511, கூடவே இசட்3ஏ.13. பரிசோதனைக்கூடத்தில் கிளமிடியா உறுதியாகிறது. இரண்டு வாரம் கழித்து அவள் மீண்டும் வரும்போது ‘கிளமிடியா சர்விசைட்டிஸ், சிகிச்சைக்குப்பின் கண்காணிப்பு’ என்று மருத்துவர் எழுதினால், குறியீடு ஓ98.312, ஏ56.09, இசட்3ஏ.15 என்று அடியோடு மாறிவிடும். பெண் அவளேதான், உறுப்பும் அதுவேதான். குடும்பம் மாறியது கிருமியின் பெயர் தெரிந்ததால். கடைசி இலக்கம் மாறியது நாள் நகர்ந்ததால். முதல் வருகைக்கான குறியீட்டை, இப்போது தெரிந்த செய்தியைக்கொண்டு பின்னோக்கித் திருத்தவும் கூடாது. அன்று அந்த மருத்துவருக்குத் தெரிந்தது எதுவோ அதுவே அன்றைய பதிவு.

அந்த இரண்டாம் வருகையில் மருத்துவர் ‘சர்விசைட்டிஸ், மறுபார்வை’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன செய்வது? பரிசோதனை முடிவு அதே சார்ட்டின் அடுத்த பக்கத்தில், ‘கிளமிடியா: பாசிட்டிவ்’ என்று சிவப்பில் பளிச்சென்று நிற்கும். இருந்தும் கோடர் அதை எடுத்துக் குறியீடாக்க முடியாது. பரிசோதனைக்கூட எண்ணுக்குப் பொருள் சொல்லும் உரிமை சிகிச்சை தரும் மருத்துவருடையது. கோடரால் செய்ய முடிந்தது ‘குவெரி’ ஒன்றை, அதாவது மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பை, எழுதுவதுதான். அதிலும், ‘இது கிளமிடியாதானே?’ என்று விடையை வாயில் ஊட்டும் கேள்வி கூடாது. சார்ட்டில் உள்ள சான்றுகளைச் சுட்டி, பொருந்தக்கூடிய நோய்களோடு ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்பவற்றையும் தெரிவாகக் கொடுத்துக் கேட்க வேண்டும். ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘இல்லையென உறுதிசெய்க’ என்று எழுதப்பட்டவையும் இப்படித்தான்; புறநோயாளிச் சார்ட்டில் அவற்றை நோயாகப் பதியக் கூடாது, அறிகுறியோடு நிற்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்ந்து வீடு திரும்பும்போதும் ‘இருக்கலாம்’ என்றே இருந்தால் மட்டும், இருப்பதாகவே கொண்டு பதிவார்கள்.

இன்னொரு பொறி, அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் சார்ட்டுகள். மருத்துவர் மகப்பேற்று நிபுணராக இருக்க மாட்டார். ‘சர்விசைட்டிஸ்’ என்று ஒரு வரி, ‘கர்ப்பிணி’ என்று ஒரு வரி, அவ்வளவே. புதியவர் உடனே கர்ப்பமில்லாதவருக்கான, ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் என்72-ஐயும், கர்ப்பம் தற்செயலானது என்று சொல்லும் இசட்33.1-ஐயும் போட்டுவிடுவார். விதி நேர்மாறானது. கர்ப்பிணிக்கு வரும் எந்த நோயும், அது கர்ப்பத்தைப் பாதிக்கவில்லை என்று மருத்துவரே எழுதினாலொழிய, பதினைந்தாம் அத்தியாயத்தில்தான் சேரும். அந்த அத்தியாயத்துக் குறியீடே முதலில் நிற்கும். குழந்தை பிறந்தபின் வந்த சர்விசைட்டிஸுக்கு ஓ86.11 என்று தனி எண் உண்டு. தாயின் ஓ குறியீடு எதுவும் குழந்தையின் சார்ட்டில் ஏறக் கூடாது.

தமிழ் பேசும் கோடருக்கென்றே ஒரு பொறியும் இருக்கிறது. ‘கர்ப்பப்பை வாய்ப்புண்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பக்கத்து வீட்டு அத்தைக்கு ‘கர்ப்பப்பையில் புண்’ என்றால், உடல் சூடு என்று வெந்தயமும் மோரும் சொல்வார்கள். மிஞ்சிப்போனால் மருத்துவரிடம் போவார்கள். இந்தப் ‘புண்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று உண்மையான அழற்சி, அதாவது சர்விசைட்டிஸ். மற்றொன்று, ஈஸ்ட்ரோஜன் மிகும்போது உட்பக்கத்துத் தூண் வடிவச் செல்கள் வெளிப்பக்கம் பிதுங்கி வந்து சிவப்பாகத் தெரிவது. எக்ட்ரோபியன் என்றும், பழைய வழக்கில் ‘எரோஷன்’ என்றும் எழுதப்படும் இது கர்ப்பிணிகளிடம் சகஜம், தொற்றே அன்று. எரோஷன் என்ற சொல்லைப் பார்த்தவுடன் மனத்தில் ‘புண்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு, புண்ணிலிருந்து தொற்றுக்குத் தாவி, ஓ23.51 தொகுதியைப் போட்டுவிட்ட தோழி ஒருத்தி எனக்கு உண்டு. பட்டியலோ இரண்டையும் கறாராகப் பிரிக்கிறது: அழற்சி இல்லாத எரோஷனுக்கு என்86, அழற்சிக்கு என்72, ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்று நிற்காது. கர்ப்பிணியிடம் அழற்சியில்லாத கர்ப்பப்பை வாய் மாறுபாடென்றால் ஓ34.4 தொகுதிக்குப் போக வேண்டும்.

இத்தனை விதிகளையும் அமெரிக்கப் பெண்களுக்காகக் கற்றுக்கொண்ட ஒருத்தி, தன் தெருவில் இந்த நோய் எப்படிப் பதிவாகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. வட சென்னைக் கர்ப்பிணி முதலில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்கிறாள். அவளுக்கு ‘பிக்மி’ எனப்படும் கர்ப்பப் பதிவு எண் கிடைக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கும் அந்த எண் இல்லாமல் முடியாதென்பதால் அதை எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. வெள்ளைப்படுதல் என்று சொன்னால், நோட்டில் பெரும்பாலும் விழுவது ‘டபிள்யூ.டி.பி.வி.’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். யோனி வழியே வெள்ளைப்படுதல் என்பதன் சுருக்கம். அறிகுறியின் பெயர் அது, நோயின் பெயரன்று. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் மருத்துவர் உள்ளே பார்த்திருக்கலாம், பார்த்ததை மனத்தில் குறித்துச் சரியான மருந்தையும் கொடுத்திருக்கலாம். எழுத்தில் எஞ்சுவது அந்த நான்கு எழுத்துகளே.

அப்படி எழுதச் சோம்பல்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கக் குறிப்பில் சொல் குறைந்தால் கோரிக்கை திரும்பிவரும், பணம் நிற்கும். அதனால் அங்கே கேட்டு வாங்க ஓர் அமைப்பு இருக்கிறது. இங்கே அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டுக்குப் பணம் இல்லை, திருப்பி அனுப்ப யாரும் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சை போன்ற தொகுப்புகளுக்குப் பணம் தருகிறதே தவிர, இரண்டு மாத்திரையில் தீரும் தொற்று அதன் கண்ணில் படாது. இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர் பல நேரங்களில் மாமியார். வீட்டில் அதைப் புரட்டுபவர் கணவர். ‘கிளமிடியா’ என்றோ ‘பால்வினை நோய்’ என்றோ ஒரு சொல் அதில் இருந்தால், அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது மருத்துவருக்குத் தெரியும். மங்கலான சொல் சில சமயம் கருணையால் எழுதப்படுகிறது. அந்தக் கருணையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் விலை உண்டு. கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்காவிட்டால் தொற்று திரும்பிவரும். கர்ப்பிணிக்குக் கிளமிடியா என்று தெரிந்தால், சிகிச்சை முடிந்து ஏறத்தாழ நான்கு வாரம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது அமெரிக்க வழிகாட்டல். ‘டபிள்யூ.டி.பி.வி.’ என்ற எழுத்துகளைப் படிக்கும் அடுத்த மருத்துவருக்கு இவற்றில் எதையும் செய்யத் தூண்டுதல் இருக்காது. நோயாளியின் கையில் போகும் நோட்டில் மென்மையாகவும், மருத்துவமனையிலேயே இருக்கும் பதிவேட்டில் தெளிவாகவும் எழுதலாம் என்பது என் கருத்து. அதற்கு ஒரு சொல் போதும், கர்ப்பப்பை வாயைக் குறிக்கும் ‘சர்விக்ஸ்’ என்று.

நம் நாட்டில் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது, யாரும் குறியீடென்று நினைக்காத ஒன்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, அறிகுறியை வைத்தே சிகிச்சை தரும் முறைக்காக, பால்வினை, இனப்பெருக்கப் பாதைத் தொற்றுகளுக்கான மருந்துகளை நிறப்படி பொதிந்து எண்ணிட்டு வைத்திருக்கிறது. முதல் எண், சாம்பல் நிறம்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம், கர்ப்பப்பை வாய் அழற்சிக்கு உரியது. இரண்டாம் எண், பச்சை: செக்னிடசோல், ஃப்ளூகோனசோல், யோனியிலிருந்து படும் வெள்ளைக்கு உரியது, கர்ப்பிணிக்கு இதை அப்படியே கொடுப்பதில்லை, உள்ளே வைக்கும் மாத்திரையாக மாற்றிக் கொடுப்பார்கள். நிறமே உறுப்பைச் சொல்லிவிடுகிறது.

என் தம்பி மனைவிக்கு ஐந்தாம் மாதத்தில் வெள்ளைப்படுதல் வந்தபோது அழைத்துப் போனோம். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. நோட்டில் அந்த நான்கு எழுத்தும், ‘மருந்து கொடுக்கப்பட்டது’ என்பதும் மட்டும் இருந்தன. எட்டாம் மாதத்தில் வேறோர் இடத்தில், பணியிலிருந்த இளம் மருத்துவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, “அப்போ என்ன மாத்திரைம்மா குடுத்தாங்க?” என்று கேட்டார். பெயர் இவளுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், எனக்கும் தெரியவில்லை. பிறகு யோசித்து, “சாம்பல் கலர் பொட்டிங்க டாக்டர். எல்லாத்தையும் ஒரே தபா போட சொன்னாங்க. வூட்டுக்காரருக்கும் ஒண்ணு குடுத்தாங்க” என்றாள். மருத்துவர் தலையசைத்து, பழைய வரிக்குக் கீழே ‘சர்விசைட்டிஸ், இரண்டாம் பருவம், தம்பதியர் இருவருக்கும் சிகிச்சை’ என்று எழுதிவிட்டு, ஸ்பெகுலம் தட்டை எடுத்துவரச் சொன்னார்.